வேலியை வெட்டிவிட்டு வீட்டுத்தோட்டமா?

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பரப்பும் குழியும் எழுதி, நான்கு எல்லைகளையும் சொல்லி முடித்தபின், "வீடு, கிணறு, வான்பயிர், செய்பயிர்" என்றொரு தொடர் வரும். கிணறு பங்குக் கிணறாயின், அதற்குரிய வழி வாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதப்படும். நொத்தாரிசு அதைப் பழக்கத்தால் எழுதுகிறார். கையொப்பமிடுபவரும் பழக்கத்தால் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் அத்தொடரின் பொருள் சிறிதன்று. எம் முன்னோர் மண்ணை வெறும் மண்ணாக விற்கவுமில்லை, வாங்கவுமில்லை. நீரும் பயிரும் சேர்ந்ததே வளவு என்பது அவர்கள் கண்ட முடிவு.

இன்று அத்தொடர் உறுதியில் இருக்கிறது, வளவில் இல்லை. படலை இருந்த இடத்தில் இரும்புக் கதவு நிற்கிறது. அதைத் திறந்து உள்ளே சென்றால், வாசல்வரை சீமெந்துக் கல் பதித்த முற்றம். நாற்புறமும் ஆளுயரத்துக்கு மேலான மதில். மதிலோரம் பூச்சாடிகளில் குரோட்டன். கறிக்கு வேண்டிய கறிவேப்பிலை சந்தையிலிருந்து வருகிறது. முருங்கைக்குப் பெயர்போன நாட்டில், ஒரு பிடி முருங்கையிலைக்கு அடுத்த ஒழுங்கைக்கு ஆள் அனுப்புகிறோம்.

இந்த நிலையில் இருந்துகொண்டுதான் வீட்டுத்தோட்டத்தைப் பற்றி நாடு முழுவதும் பேசிற்று. 2021 மே மாதத்தில் அன்றைய அரசாங்கம் இரசாயன உரத்தின் இறக்குமதியை ஒரே வர்த்தமானி அறிவித்தலால் நிறுத்தியது. கமக்காரனைக் கேட்கவில்லை, மாற்று உரம் எங்கே என்று பார்க்கவுமில்லை. அவ்வாண்டு நவம்பரில் அந்தத் தடையை விலக்கிக்கொண்டபோது, ஒரு போகத்தின் விளைச்சல் வயலிலேயே போய்விட்டிருந்தது. அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், 2022 ஜூனில் அமைச்சரவை வேறொரு முடிவு எடுத்தது. அரச ஊழியர் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து தோட்டம் செய்யலாம் என்று மூன்று மாதங்களுக்கு விடுமுறை வழங்கியது. அடுத்த மாதமே அந்த ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறினார். எத்தனை ஊழியர் மண்வெட்டி பிடித்தனர் என்ற ஆராய்ச்சியில் நாம் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்றைக் கொடுத்தால் தோட்டம் முளைத்துவிடும் என்று எண்ணியவர்களுக்கு, தோட்டம் எதனால் ஆனது என்பது தெரிந்திருக்கவில்லை என்பதை மட்டும் குறித்துவைக்கிறோம்.

எமக்கு அது தெரிந்திருந்தது. 1990 முதல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை இருந்தபோது யூரியா இல்லை. நீரிறைக்கும் யந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த அந்தத் தலைமுறை, வளவில் விளைந்த மரவள்ளியையும் முருங்கையிலையையும் பயிற்றங்காயையும் உண்டு வளர்ந்தது. அன்று எந்த அமைச்சரவையும் எமக்கு விடுமுறை தரவில்லை. சீமெந்தும் அன்று தடைப்பட்ட பொருள்களுள் ஒன்று. எம் வேலிகள் அக்காலத்தில் பிழைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் போலும்!

வேலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வீட்டுத்தோட்டம் என்றவுடன் பாத்தியையும் விதையையும் நினைக்கிறோமே தவிர, அந்தப் பாத்திக்கு உணவு எங்கிருந்து வந்தது என்று நினைப்பதில்லை. அது வேலியிலிருந்து வந்தது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை என்று கதியால் ஊன்றி, இடையில் பனையோலை வைத்து அடைத்த வேலி, எல்லை காட்டியதோடு நிற்கவில்லை. அதன் குழையை ஆடு தின்றது. ஆட்டெரு பாத்திக்கு வந்தது. மிஞ்சிய குழை வாழையடியில் தாழ்க்கப்பட்டது. உக்கிய பழைய ஓலையைக் கழற்றிப் புதிய ஓலை கட்டும்போது, அந்தப் பழைய ஓலையும் மண்ணுக்கே போயிற்று. முசுட்டையும் முல்லையும் தூதுவளையும் முடக்கொத்தானும் யாரும் நடாமலே வேலியில் படர்ந்தன. வறைக்கும் இரசத்துக்கும் அவை போதும். சோளகக் காற்று செம்பாட்டுப் புழுதியை வாரிக்கொண்டு வீசும் மாதங்களில், இளங்கன்றுகள் வாடாமல் காத்ததும் அந்த வேலியே. மதில் இவற்றுள் எதைச் செய்கிறது? பகல் முழுதும் வெயிலைக் குடித்து இரவில் வெப்பத்தைக் கக்குகிறது.

சீமைக்கிளுவை அவரையினத்து மரம். காற்றிலுள்ள நைதரசனைத் தன் வேர்முடிச்சுக்களின் உதவியால் பற்றிக்கொள்வது. அதன் உலர்ந்த இலை 100 கிலோவில் ஏறத்தாழ 3 கிலோ நைதரசன் உண்டு. 100 கிலோ யூரியாவில் 46 கிலோ இருக்கிறதே என்று கமக்காரர் கேட்பர். கேள்வி நியாயமானது. வேலிக் குழையைக் கொண்டு பத்தாயிரம் கன்றுப் புகையிலைத் தோட்டத்துக்கு உரமிடலாம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னவர்கள் 2021இல் நாட்டை எங்கே கொண்டுபோய் விட்டனர் என்பதை மேலே எழுதினோம். நாம் பேசுவது மூன்று பரப்பு வளவைப் பற்றி. அங்கே ஒரு முருங்கை, ஒரு தேசி, கறிவேம்பு, நாலைந்து வாழை, ஒரு பயிற்றைப் பந்தல், இரண்டு கீரைப் பாத்தி ஆகியவற்றுக்கு வேலியின் குழையும் அடுப்புச் சாம்பலும் ஆட்டெருவும் தாராளமாகப் போதும். அந்நிய நாட்டுக் கப்பல் வரவேண்டியதில்லை. இதே சீமைக்கிளுவையைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று இலங்கை அரசு ஏற்றிருக்கிறது. நாமோ அதை வேரோடு பிடுங்கி லொறிக்காரனுக்குக் கூலியும் கொடுத்து அனுப்புகிறோம்.

உணவு வேலியிலிருந்து வந்ததென்றால், நீர் குளிப்பிலிருந்து வந்தது. கிணற்றடியில் குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் போயிற்று. ஒரு வாளி நீர் இருமுறை உழைத்தது. இப்போது மின்சாரம் நீரை மேலே தாங்கிக்கு ஏற்றுகிறது. குளித்த நீர் குழாய் வழியே குழிக்குள் போகிறது. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களில், உவர்நீரின்மேல் மிதக்கும் மழைநீரே எம் கிணறுகளில் உள்ளது. அந்த வெடிப்புக்கள் நன்னீரை மட்டும் கொண்டுவருவதில்லை. அளவு மீறி இட்ட உரமும் மலக்குழியின் கசிவும் அவ்வழியே வருகின்றன. தோட்டச் செய்கை மிகுந்த வலிகாமப் பகுதியில், குடிநீருக்கு ஏற்ற எல்லையெனச் சொல்லப்படும் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றைத் தாண்டிய கிணறுகள் பல உண்டென்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. பாலூட்டும் குழந்தைக்கு அந்நீரில் மாக்கரைத்துக் கொடுப்பது ஆபத்து. இரண்டு பெண்களுக்குச் சீதனமாகப் பிரித்து, அவர்களின் பிள்ளைகளுக்கு மறுபடியும் பிரித்த வளவில், கிணற்றுக்கும் குழிக்கும் இடையே விடவேண்டிய தூரத்தை எங்கே தேடுவது? சட்டப் புத்தகத்தில் தூரம் இருக்கிறது, காணியில் இல்லை.

மழைநீருக்கும் மதிலே பகை. வேலியூடே வெள்ளம் ஊடறுத்து ஓடும். வளவுக்கு வளவு சிறிது சிறிதாக நிலத்துள் இறங்கும். 2024 நவம்பர் இறுதியில் பெய்த மழையின்போது, ஒழுங்கைகள் வாய்க்காலாக ஓட, மதிலுக்குள் அகப்பட்ட நீர் வெளியேற வழியின்றி வீடுகளுள் புகுந்ததைக் கண்டோம். அதே வீடுகளில் ஆடி மாதத்தில் கிணறு வற்றிற்று என்ற முறைப்பாடும் கேட்கிறது. பெய்த நீரைக் கல் பதித்த முற்றத்தால் வீதிக்குத் துரத்தியபின், கிணறு எதைக் கொண்டு ஊறும்?

வேலிக்காக வாதாடும் நாம், அதன் குற்றங்களை மறைத்தால் வழக்கு நில்லாது. வேலிச் சண்டைகளால் யாழ்ப்பாணத்து நீதிமன்றங்கள் நிறைந்திருந்தன. ஒரு கதியால் அரையடி நகர்ந்ததற்காக இரண்டு குடும்பங்கள் இருபது ஆண்டு பேசாதிருந்ததுண்டு. அந்தச் சண்டைகளால் வயிறு வளர்த்த தொழில்களுள் எம் தொழிலே முதன்மையானது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையில், அயலவன் நிலத்தின்மேல் சாய்ந்த மரத்தின் கனி யாருக்கு என்பதற்கே விதி எழுத வேண்டியிருந்தது என்றால், சண்டை எவ்வளவு பழையது என்று பாருங்கள். ஆயினும் மதில் வந்ததால் சண்டை ஒழியவில்லை, செலவுதான் கூடியது.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்றுண்டு. அந்த அழகிய வேலிகளை அடைத்தவர் யார்? ஓலை வெட்டி, மிதித்து, கட்டிக் கொடுத்தவர்களுள் பெரும்பாலோர் அதே வளவின் கிணற்றில் ஒரு வாளி நீர் அள்ளும் உரிமையற்றவராய் நிறுத்தப்பட்டிருந்தனர். அவர்களுக்கெனச் சொந்த வளவு இருக்கவில்லை. இன்றும் பலருக்கு இல்லை. பழமையின் பெருமையைப் பேசும் எவரும் இதையும் சேர்த்தே பேச வேண்டும். அந்த வேலை முறை மீண்டும் வரவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. வீட்டுக்காரரே தம் கையால் கதியால் ஊன்றட்டும். வழக்கறிஞரின் கையும் வைத்தியரின் கையும் அதற்கு விலக்கல்ல.

ஓலைக்கு விலை ஏறிவிட்டது, போரில் பனைகள் அழிந்தன, வேலையாள் கிடைப்பதில்லை, தனித்து வாழும் பெண்களுக்கு மதிலே காவல் என்று சொல்லப்படும் காரணங்கள் பொய்யல்ல. தனித்திருக்கும் தாய் ஒருத்தி வீதிப்புறத்தில் மதில் கட்டினால் அவளைக் குறை கூற நாம் யார்? ஆனால் அயல் வளவுக்கும் எம் வளவுக்கும் இடையில் எதற்கு மதில்? அங்கே முள்ளுக்கம்பி இரண்டு நிரை இழுத்து, அதனோடு கிளுவையும் சீமைக்கிளுவையும் நட்டால் ஓலையே வேண்டியதில்லை. மாரி மழைக்கு முன் ஊன்றிய கதியால் தைக்குள் தளிர்த்துவிடும். மாரியில் ஆபிரிக்க நத்தை வந்து நாற்றுக்களைத் தின்னும்; பொழுதுபட்டபின் விளக்கோடு போய்ப் பொறுக்கி உப்புநீரில் இடுவதைத் தவிர அதற்குச் சுருக்கு வழியில்லை. பிள்ளைகள் வெறுங்கையால் தொடாதிருக்கப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கமக்காரருக்கு ஒரு சொல். சந்தைக்குச் செல்லும் கத்தரிக்கு மருந்தடித்துவிட்டு, தம் வீட்டுச் சமையலுக்கென மருந்து படாத பாத்தி ஒன்றைத் தனியே வைத்திருப்போர் உண்டென்பதை நாமும் அறிவோம், அவர்களும் அறிவர். அந்தப் பாத்தியை எப்படி வளர்க்கிறார்களோ, அந்த அறிவே ஊருக்கு வேண்டியது. அதை அயல் வீட்டு உத்தியோகத்தருக்குச் சொல்லிக் கொடுங்கள். நாற்றும் விதையும் கொடுங்கள். உத்தியோகத்தரும் வாங்கிக்கொள்ள வெட்கப்பட வேண்டாம்.

அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. தோட்டம் செய் என்று மக்களுக்குச் சொல்லுமுன், தோட்டம் செய்ய அவர்களின் வளவை அவர்களிடம் கொடுக்க வேண்டும். வலிகாமம் வடக்கில் 1990இல் வெளியேற்றப்பட்ட மக்களின் காணிகளில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கு 2013 ஏப்பிரலில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. மக்கள் நீதிமன்றம் சென்றனர். 2015க்குப் பின் பகுதி பகுதியாக நிலம் திரும்பிற்று, முழுவதும் திரும்பவில்லை. செம்பாட்டு மண்ணுக்குப் புகழ்பெற்ற அந்த வளவுகளில் படையினர் பயிர்செய்த செய்தி நாடறிந்தது. உறுதியில் "வான்பயிர், செய்பயிர்" என்று எழுதி வைத்திருப்பவர் வாடகை வீட்டு முற்றத்தில் கீரை விதைக்க, அவர் மண்ணில் வேறொருவர் அறுவடை செய்வது எந்த நீதிநூலில் உள்ளது?

எம் கையில் உள்ளதை நாமே செய்யலாம். வீதியோர மதிலுக்குப் பிரதேச சபையின் அனுமதி வேண்டும். அனுமதி வழங்கும்போது, மழைநீர் ஊடறுக்க மதிலின் அடியில் துவாரம் விடவேண்டும் என்றும், வளவின் ஒரு பங்காவது கல் பதியாத மண்ணாக இருக்கவேண்டும் என்றும் சபைகள் நிபந்தனை விதிக்கட்டும். உயிர்வேலி வைத்திருப்போருக்குக் கதியாலும் கன்றும் இலவசமாகக் கொடுக்கட்டும். வெளிநாட்டில் வாழ்வோரின் பூட்டிய வளவுகளை, உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு, காணியற்ற குடும்பங்களுக்கு ஆண்டுக் குத்தகையில் தோட்டம் செய்யக் கொடுக்க ஓர் ஒழுங்கு செய்யலாம். ஆட்சியுரிமை போய்விடுமோ என்ற அச்சத்தை நீக்க, இரண்டு பக்கத்தில் ஒரு குத்தகைப் பத்திரம் போதும். அதை எழுதிக் கொடுக்க எம் தொழிலைச் சேர்ந்தோர் கட்டணம் கேட்கலாகாது, நாம் கேட்கமாட்டோம். அடுத்த சபைக் கூட்டத்தில் இவற்றைப் பிரேரணையாகக் கொண்டுவரும் உறுப்பினர் எக்கட்சியினராயினும், அவருக்கு எம் ஆதரவு உண்டு.