அலுவலகக் கூரையில் யார் ஏறிப் பார்த்தார்?

1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளியில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே, 1980இல், பலத்த காற்றைத் தாங்கும் கட்டடங்களுக்கான கைந்நூலை அரசு வெளியிட்டு, நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தது. வீரமுனை, கல்முனை உள்ளிட்ட நமது கரையோரம் முதலாம் வலயம். இங்கே சாதாரணக் கட்டடம் செக்கனுக்கு 49 மீற்றர் காற்றுக்கும், அனர்த்தத்தின் பின்னும் இயங்கவேண்டிய கட்டடம் 54 மீற்றருக்கும் கணக்கிடப்பட வேண்டும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், இந்தச் சிறு வித்தியாசம் விசையில் ஐந்திலொரு பங்கைக் கூட்டுகிறது.

பிரதேச செயலகம் இதில் எந்த வகை? மறுநாள் காலை நிவாரணப் பட்டியல் அங்கேதான் எழுதப்படும். காணி அனுமதிப்பத்திரக் கோப்புகளும் அங்கேதான். ஆஸ்பத்திரியோடு அதையும் இரண்டாம் வகையில் சேர்க்கவேண்டும் என்பேன்.

சோதனை என்றால் பலர் சுவர் வெடிப்பை மட்டும் பார்க்கிறார்கள். (பெயின்ற் பூசினால் அதுவும் மறைந்துவிடும்!) சூறைக்காற்று கூரையைப் பெரும்பாலும் மேல்நோக்கியே இழுக்கிறது, யன்னல் உடைந்து உள்ளே புகுந்தால் அடியிலிருந்தும் தள்ளுகிறது. ஆகவே ஏணி வைத்து ஏறவேண்டும். கைமரம் சுவர்வளையோடு இரும்புப் பட்டியால் பிணைக்கப்பட்டுள்ளதா, வெறும் ஆணியா? வளை கொங்கிறீற்றோடு போல்ற்றால் இறுக்கப்பட்டதா? உப்புக்காற்றில் அந்தப் போல்ற்று எவ்வளவு துருவேறியுள்ளது?

ஐப்பசி மழைக்கு முன் பொறியியலாளர் ஒருவர் இதைப் பார்த்து எழுதவேண்டும். அறிக்கை இருக்கிறதா என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் கேட்கலாம்.