நாலு வரி எழுதத் தெரிந்தால்...

வியாபாரம் செய்யப் பணம் வேண்டும். பணம் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. பேசத் தெரிய வேண்டும். நாலு வரி எழுதவும் தெரிய வேண்டும்.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பது பழமொழி. இந்தக் காலத்தில் வாய் மட்டும் போதாது. கையில் பேனாவும் வேண்டும்.

இதைச் செய்து காட்டியவர்கள் பட்டணத்துப் பெரிய வியாபாரிகள் அல்ல. காலேஜில் படித்தவர்களும் அல்ல. தர்மபுரி ஜில்லாவின் ஏழைப் பெண்கள்!

1989-ல் தொடங்கியது

மகளிர் சுய உதவிக் குழுக்களை இன்று தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. அந்தத் திட்டம் முதன்முதலில் தொடங்கிய இடம் தர்மபுரி ஜில்லா. தொடங்கிய ஆண்டு 1989. இன்றைய கிருஷ்ணகிரி ஜில்லாவும் அப்போது தர்மபுரியோடு சேர்ந்திருந்தது. 2004-ல்தான் பிரிந்தது.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் திட்டத்தை நடத்தியது. ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்த சர்வதேச விவசாய வளர்ச்சி நிதியம் பண உதவி செய்தது. குழுக்களுக்குக் கடன் கொடுக்க இந்தியன் பாங்கி முன்வந்தது. பிறகு வேறு சில ஜில்லாக்களுக்கும் திட்டம் போயிற்று. 1997-98-ல் "மகளிர் திட்டம்" என்ற பெயரில் மாநிலம் எங்கும் பரவத் தொடங்கியது.

ஒரு குழுவில் 12 பேர் முதல் 20 பேர் வரை இருப்பார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள், ஆடு மாடு வளர்ப்பவர்கள், புளி தட்டுகிறவர்கள் எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். சிறு தொகை சேமிப்பார்கள். அதிலிருந்து தங்களுக்குள் கடன் கொடுத்துக் கொள்வார்கள்.

நகை இல்லை, நோட்டு இருந்தது!

பாங்கியில் கடன் வேண்டுமானால் நகை கேட்பார்கள். நிலப் பத்திரம் கேட்பார்கள். இந்தப் பெண்களிடம் இரண்டும் இல்லை. பிறகு எதை நம்பிக் கடன் கொடுத்தார்கள்?

நோட்டுப் புத்தகத்தை!

ஆம். கூட்டம் நடந்ததா, யார் யார் வந்தார்கள், யாருக்கு எவ்வளவு கடன், எதற்காக, எப்போது திருப்பித் தருவார் என்று எல்லாவற்றையும் தீர்மான நோட்டில் எழுத வேண்டும். சேமிப்புக்குத் தனிக் கணக்கு. கடனுக்குத் தனிக் கணக்கு. எழுதியதைக் கூட்டத்தில் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. பாங்கி அதிகாரி இந்த நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். ஒழுங்காக இருந்தால் கடன் கிடைத்தது.

கைநாட்டு வைத்த கைகள் கையெழுத்துப் போடக் கற்றன. பாங்கி வாசற்படியை மிதிக்கப் பயந்தவர்கள், அதிகாரிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கணக்குச் சொன்னார்கள். நல்ல எழுத்தும் தெளிவான பேச்சும் நகைக்குச் சமம் என்பது அப்போது தெரிந்தது.

என்ன ஆபத்து?

ஆனால், ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 80 பேர். தர்மபுரி ஜில்லாவில் 68 பேர்தான். மாநிலத்திலேயே மிகக் குறைவு! பெண்களில் இன்னும் குறைவு.

ஆகவே, பல குழுக்களில் படித்த ஒருத்தி மட்டும் நோட்டு எழுதுகிறாள். மற்றவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். எழுதுகிறவள் நல்லவளாகவே இருக்கலாம். ஆனால், ஒரு கணக்கு தவறிப் போனால் கண்டுபிடிப்பது யார்? அவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனால் எழுதுவது யார்?

கடன் எல்லார் தலையிலும் இருக்கிறது. கணக்கு ஒருத்தி கையில் இருக்கிறது. இது சரியா?

வீடு தேடி வந்து கடன் கொடுக்கிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். நீட்டிய தாளில் என்ன வட்டி, எத்தனை தவணை என்று படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு கண்ணீர் விடுவதில் பயன் இல்லை. படிக்கத் தெரியாவிட்டால், "படித்துக் காட்டுங்கள், பிறகு கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்ல வேண்டும். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அது உரிமை.

கடிதம் எப்படி எழுதுவது?

வியாபாரக் கடிதம் என்றால் இங்கிலீஷ் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. விஷயம்தான் வேண்டும்.

ஒரு குழு புளி விற்கிறது என்று வைத்துக் கொள்வோம். "எங்களிடம் உயர்ந்த ரகப் புளி இருக்கிறது. தாங்கள் ஆதரவு தருமாறு பணிவுடன் கேட்டுக் கொள்கிறோம்" என்று எழுதினால் வியாபாரி என்ன செய்வார்? மடித்து வைத்துவிடுவார். எவ்வளவு புளி, என்ன விலை என்று ஒன்றும் இல்லையே!

அதையே இப்படி எழுதலாம்:

"கொட்டை எடுத்த புதுப் புளி 200 கிலோ இருக்கிறது. 10 கிலோ வீதம் கட்டியிருக்கிறோம். கிலோ ரூ.120. வண்டி வாடகை உங்களுடையது. இந்த விலை 15-ந் தேதி வரை. பாதிப் பணம் முன்பணமாக வேண்டும்."

அலங்காரம் இல்லை. ஆனால், வியாபாரி கேட்க நினைக்கும் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. மேலே தேதி, ஊர். கீழே பெயர், கையெழுத்து, போன் நம்பர். ஒரு நகல் குழுவிடம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கடிதம்!

பேசுவது எப்படி?

பேச்சிலும் அதே முறைதான். பாங்கிக்குப் போனதும் குடும்பக் கஷ்டத்தை முதலில் தொடங்கக் கூடாது. எந்த ஊர், எந்தக் குழு, எவ்வளவு கடன், எதற்கு, எப்படித் திருப்பித் தருவோம் - இந்த ஐந்தையும் முதலில் சொல்ல வேண்டும். கெஞ்சவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். புரியாத சொல் வந்தால், "அது என்னங்க?" என்று கேட்டுவிட வேண்டும். தெரிந்ததுபோல் தலை ஆட்டுவதுதான் நஷ்டம்.

போனில் விலை பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேச்சு காற்றோடு போய்விடும். ஆகவே, பேசி முடித்ததும் எடை, விலை, தேதி மூன்றையும் அதே போனில் எழுதி அனுப்பிவிட வேண்டும். "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்ற தகராறு அதற்குப் பிறகு எழாது.

தர்மபுரி, கர்நாடக எல்லையில் உள்ள ஜில்லா. இங்கே கன்னடமும் தெலுங்கும் காதில் விழும். வாங்க வருகிறவர் எந்த மொழிக்காரராகவும் இருக்கலாம். அவர் பாஷையில் நாலு சொல் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் கவலை இல்லை. 200 என்று எண்ணில் எழுதினால் எந்த மொழிக்காரருக்கும் அது 200தான்!

பேனா கை மாறட்டும்!

இனிச் செய்ய வேண்டியது என்ன? பெரிய செலவு ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொருத்தி நோட்டு எழுதட்டும். எழுதத் தெரியாதவள், தேதியை மட்டுமாவது எழுதட்டும். அடுத்த மாதம் தன் பெயரை எழுதுவாள். அதற்கடுத்த மாதம் தன் கடன் தொகையை எழுதுவாள். பள்ளிக்கூடம் போகும் மகள் வீட்டில் இருக்கிறாள். இரவில் கால் மணி நேரம் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். மகள் சொல்லிக் கொடுத்து அம்மா படிப்பதில் வெட்கம் என்ன?

எழுதியதை உரக்கப் படிப்பதை எந்தக் குழுவும் விட்டுவிடக் கூடாது. படிக்கத் தெரியாதவளும் அப்போது கணக்கைக் காதால் கேட்பாள். தவறு இருந்தால், "அக்கா, அது ஐந்நூறு இல்லை, முந்நூறு" என்று சொல்லுவாள்.

இன்று தோழிகள் நடுவே அப்படிச் சொல்லுகிறவள், நாளைக்கு மண்டியிலும் சொல்லுவாள், பாங்கியிலும் சொல்லுவாள். அவளை யாரும் ஏமாற்ற முடியாது!