காந்தப் புயலுக்கும் ஒரு கூண்டு ஏற்றலாமே!

தூத்துக்குடி துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் போதும், புன்னைக்காயல் படகுகள் உஷாராகிவிடும். ஆனால், காற்றும் மழையும் இல்லாத ஒரு புயலும் இருக்கிறது. 2024 மே 10, 11 தேதிகளில் பூமியைத் தாக்கியது அதுதான். லடாக்கின் ஹான்லேயில் இரவு வானம் சிவந்தது. அமெரிக்காவில் ஜிபிஎஸ் தடுமாறியதால் விதைப்பு டிராக்டர்கள் பல நின்றுபோயின. அது காந்தப் புயல்.

தலைக்கு மேலே என்ன சுற்றுகிறது?

பூமிக்கு மேலே சுமார் 10,000 முதல் 60,000 கி.மீ. வரை, புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் ஓயாமல் சுற்றுகின்றன. அவற்றைப் பிடித்து வைத்திருப்பது பூமியின் காந்தப்புலம். ஒவ்வொரு துகளும் ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்க்கிறது. காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழல்கிறது. வடக்கும் தெற்குமாக ஓடி, புலம் வலுக்கும் இடத்தில் திரும்புகிறது. அப்படியே பூமியையும் வலம்வருகிறது. புரோட்டான் மேற்கே, எலக்ட்ரான் கிழக்கே. விளைவு, மேற்கு நோக்கி ஓடும் ஒரு மின்னோட்டம். இதற்கு 'வளைய மின்னோட்டம்' என்று பெயர்.

எப்போது தடுமாறும்?

சாதாரண நாட்களில் காந்தப்புலத்தின் பிடி, துகள்களின் அழுத்தத்தைவிட வலுவானது. அதனால் வளையம் கலையாது. சூரியக் காற்று சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பினால் கதை மாறுகிறது. கதவு திறந்த மாதிரி, பூமியின் இரவுப் பக்கத்திலிருந்து புதுத் துகள்கள் உள்ளே தள்ளப்படுகின்றன. வளையம் வலுக்க, தரையில் காந்தப்புலம் குறைகிறது. 2024 மே புயலில் இந்தக் குறைவு சுமார் 400 நானோடெஸ்லா. 1859 புயலில் மும்பை கொலாபா ஆய்வகம் பதிவுசெய்தது சுமார் 1,600. பிறகு துகள்கள் ஹைட்ரஜன் அணுக்களோடு மோதி, மின்னூட்டம் இழந்து பிடியிலிருந்து நழுவும். சில நாட்களில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இந்தக் கரைக்கு என்ன சம்பந்தம்?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்திலும், நேவிக் சுமார் 36,000 கி.மீ. உயரத்திலும் சுற்றுகின்றன. இரண்டுமே இந்த வளையத்தின் எல்லைக்குள்தான். அவற்றின் சிக்னல் அயனி மண்டலத்தைத் தாண்டித்தான் படகுக்கு வரணும். புயலில் அந்த மண்டலமும் கலங்குகிறது. காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டியே போவதால், இங்கே சாதாரண மாலைகளில்கூட அயனி மண்டலத்தில் குமிழ்கள் கிளம்பி சிக்னலைக் குலைப்பதுண்டு.

மிகைப்படுத்த வேண்டாம். சில மீட்டர் பிழை எந்தப் படகையும் இலங்கை எல்லைக்குள் தள்ளிவிடாது. ஆனால், எல்லையை ஒட்டி இரவில் வலை போடும்போது சிக்னலே போய்விட்டால்?

திருச்செந்தூரைத் தாண்டி, குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் சுமார் 40, ஒரு மிதமான காந்தப் புயலால் வீணாயின. நாளை இங்கிருந்து கிளம்பும் சிறிய செயற்கைக்கோள்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

நம்மிடம் கருவிகள் இல்லாமல் இல்லை. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. 15 லட்சம் கி.மீ. தொலைவில் ஆதித்யா எல்-1 சூரியனைக் கவனிக்கிறது. இந்தத் தகவல் ஆய்வுக் கட்டுரைகளோடு நின்றுவிடக் கூடாது. 'இன்றிரவு ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்ப வேண்டாம்' என்று தமிழில் ஒரு வரி, வானிலை எச்சரிக்கையோடு மீனவர்களின் செல்போனுக்குப் போகட்டும். பெரிய செலவில்லாத வேலை இது. அரசு மனசு வைத்தால் போதும்.