ஆட்டுக்கறியைக் குறைப்போம், பாமாயிலை யார் குறைப்பது?

ரேஷன் கடையில் பாமாயிலே தொடர்கிறது. கடலை எண்ணெய் கொடுங்கள், நல்லெண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். அந்தக் கோரிக்கை ஓரம் கட்டப்பட்டே வருகிறது. அதே வேளையில், மருத்துவ முகாம்களில் ஆட்டுக்கறியைக் குறையுங்கள், கொழுப்பைக் குறையுங்கள் என்ற அறிவுரை ஓயாமல் ஒலிக்கிறது. அறிவுரை சொல்லும் வாயும் எண்ணெய்ப் பாக்கெட்டை நீட்டும் கையும் ஒரே அரசுக்குச் சொந்தமானவை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வானம் பார்த்த பூமியில் இருந்து பார்க்கும்போது இந்த முரண்பாட்டைச் சகித்துக்கொள்ள முடியவில்லை.

அறிவுரையில் பிழையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஆடு, மாடு, பன்றி இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள அடுத்த பிரிவில் வைத்தது. தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பு, பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பும் 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோயும் இருப்பதாகச் சொன்னது. இரவுக் கடையில் எண்ணெயில் பொரித்த பரோட்டாவும் மட்டன் சுக்காவும் வாரத்தில் நான்கு நாள் சாப்பிடுகிறவர் தன் தட்டைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கிலோ எண்ணூறு ரூபாயைத் தாண்டிவிட்ட கறியை இந்த வட்டாரத்தின் கூலிக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமையோ கோயில் கொடையிலோதான் பார்க்கின்றன. அங்கும் வீட்டுப் பெண்ணின் பங்குக்கு மிஞ்சுவது பெரும்பாலும் குழம்புதான். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. உடலில் எளிதில் சேரும் இரும்புச்சத்து கறியில் உண்டு. ஆகவே எல்லாருக்கும் ஒரே வாய்ப்பாட்டைச் சொல்லிவிட்டுப் போவது சரியாகாது. குறைக்கச் சொல்ல வேண்டியவர் யார், குறைத்த இடத்தில் எதை வைக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

கறியைக் குறைக்கச் சொல்வதற்கான காரணங்களில் முக்கியமானது நிறைவுற்ற கொழுப்பு. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது அது. நூறு கிராம் கொழுப்பேறிய செம்மறிக் கறியில் ஏறக்குறைய பத்து கிராம் இருக்கும். வெள்ளாட்டுக் கறியில் இன்னும் குறைவு. ரேஷனில் தரும் பாமாயிலிலோ ஏறக்குறைய நாற்பது சதவீதம் இந்தக் கொழுப்புதான். அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் தருகிறார்கள். அதன் எடை சுமார் 910 கிராம் என்று வைத்துக்கொண்டால், மாதந்தோறும் 350 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பை அரசே கொடுத்தனுப்புகிறது. மூன்றரைக் கிலோ கொழுப்புக் கறிக்குச் சமமான அளவு இது. மாதம் ஒரு லிட்டர்தானே, நான்கு பேர் கொண்ட வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று கிராம்தானே வரும் என்று வாதிடுபவர்கள் உண்டு. சரி, அதே கணக்கை அதே வீட்டின் கறிக்கும் போட்டுப் பார்க்கட்டும். மாதம் ஒரு கிலோ கறி எடுக்கும் வீட்டில் கறியால் வருவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் பாமாயிலால் வருகிறது. மூன்று கிராம் பொருட்டில்லை என்றால் அந்த ஒரு கிராமுக்கும் குறைவான கறிக்கொழுப்பு எப்படிப் பொருட்டாகும்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம். ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையைப் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிக் கொண்டுவந்து தருகிறார்கள். அந்த வீட்டு அடுப்பிலேயே அரசின் பாமாயில் காய்கிறது. நோய்க்கு மருந்து தரும் துறையும் எண்ணெய்க்கு டெண்டர் விடும் துறையும் ஒரு நாளாவது ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதுண்டா?

விலைதான் காரணம் என்பார்கள். லிட்டர் 25 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டுமென்றால் பாமாயிலைவிட மலிவாக வேறென்ன இருக்கிறது என்று கேட்பார்கள். வெளிச்சந்தையில் கடலை எண்ணெய் பாமாயிலைவிட வெகுவாக விலை கூடியது, மறுக்கவில்லை. ஆனால் மலிவு என்ற கணக்கில் மாத்திரைச் செலவையும், இதய நோய்க்கு அரசு மருத்துவமனைகளில் ஆகும் செலவையும் ஏன் சேர்ப்பதில்லை? அந்த மலிவும் நம் கையில் இல்லாத ஒன்று. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்தபோது, மூன்று வாரங்களுக்கு மேல் இந்தியச் சந்தையே ஆடிப்போனது. கடல்கடந்து வரும் ஓர் எண்ணெயை நம்பி ஏழை வீட்டு அடுப்பை எரியவிட்டதன் விலை அது. கரிசல் மண்ணோ எள்ளையும் சூரியகாந்தியையும் அறியாத மண் இல்லை. நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய பதினைந்து சதவீதம், சூரியகாந்தி எண்ணெயில் அதைவிடவும் குறைவு, கடலை எண்ணெயில் ஏறக்குறைய இருபது. தேங்காய் எண்ணெய்க்காகவும் குரல் எழுகிறது. தென்னை விவசாயியின் பிழைப்புக்காக அதைப் பேசலாம். ஆனால் அதில் இந்தக் கொழுப்பு பாமாயிலைப் போல் இரு மடங்கு இருப்பதால், உடல்நலத்தின் பெயரால் அதைக் கேட்க முடியாது. பாமாயிலில் டிரான்ஸ் கொழுப்பு இல்லை, வனஸ்பதியைவிட மேல் என்பதும் உண்மைதான். வனஸ்பதியைவிட மேல் என்ற ஒரு தகுதி, லட்சக்கணக்கான குடும்பங்களின் மாதாந்திர எண்ணெய்க்குப் போதுமா?

இந்த மண்ணைப் பற்றிக் கோட்டையில் எடுக்கப்படும் முடிவுகள் இப்படித் தவறுவது புதிதல்ல. விறகுக்கு ஆகும் என்று பரப்பிய சீமைக்கருவேலம் கண்மாயையும் மேய்ச்சல் புறம்போக்கையும் விழுங்கியது. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்ட பிறகும் அது முழுதாக ஒழியவில்லை. வேம்பூர் ஆடும் கன்னி ஆடும் மேய்ந்த நிலம் இன்று முள்காடு. 2007-இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரையோடு உளுந்தும் வந்தது. உளுந்தை நிறுத்தியவர்கள் அதைத் திரும்பக் கொண்டுவரவே இல்லை. உளுந்தும் பாசியும் விளைகிற காடு இது. பக்கத்து விருதுநகர் தென்னாட்டுப் பருப்புச் சந்தைக்கே பேர்போன ஊர். அப்படிப்பட்ட மாவட்டத்தில் கனடா மஞ்சள் பருப்பை ரேஷனில் வாங்கிச் சமைத்தார்கள் மக்கள். 2024 கோடையில் அந்தப் பருப்புமே பல கடைகளுக்கு மாதக்கணக்கில் ஒழுங்காக வந்து சேரவில்லை. 2023-இல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியபோது தருமபுரியும் நீலகிரியும் சேர்க்கப்பட்டன. கம்பும் சோளமும் குதிரைவாலியும் பரம்பரையாக விளைந்த திருச்சுழி, நரிக்குடி பக்கம் கண்ணில் படவில்லை. இந்தப் பயிர்களைத் தின்பதற்கு ஏற்பாடு செய்யாமல் விளைவிக்க மட்டும் மானியம் தருவதால், சம்சாரி கோழித்தீவனக் கம்பெனிக்கு மக்காச்சோளம் போடத்தான் போவார். 2018-இல் படைப்புழு வந்து அந்த மக்காச்சோளத்தையும் அழித்தபோது எத்தனை குடும்பங்கள் கடனில் விழுந்தன என்பது நினைவில்லையா?

கறியைக் குறைக்கச் சொன்னால் அந்த இடத்தில் வருவது பருப்பாகவும் பயறாகவும் சிறுதானியமாகவும், தாளிக்க ஒரு நல்ல எண்ணெயாகவும் இருக்க வேண்டும். அந்த நான்கிலும் இந்த வட்டாரத்தை ஏமாற்றியவர்கள், அரிசியும் பாமாயிலும் கொடுத்தால் போதும் என்று இருந்துவிட்டவர்கள், ஏழையின் ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சட்டியைப் பார்த்து விரல் நீட்ட என்ன தகுதி வைத்திருக்கிறார்கள்? எண்ணெய்க் கொள்முதலை உணவுத் துறையின் கணக்குப் புத்தகத்திலிருந்து மட்டும் பார்க்கும் பழக்கம் மாற வேண்டும். மாவட்டத்துக்கு மாவட்டம் விளைவதை அங்கேயே வாங்கி அங்கேயே வழங்க ஒரு வழி காண வேண்டும். அடுத்த டெண்டருக்கு முன்பாவது சுகாதாரத் துறையிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். அதற்குக்கூட மனம் வராதவர்கள், முகாம்களில் கறியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொள்ளட்டும்.