கணக்கில் வராத உயிர்கள்: தனியார் படைகளை அரசுகள் நாடுவது ஏன்?

ராணுவ வீரர் ஒருவர் போரில் உயிரிழந்தால், அரசு அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தத்தின் பேரில் சண்டையிட்டவர் இறந்தால் அந்த நெருக்கடி பெரும்பாலும் எழுவதில்லை. தனியார் ராணுவ நிறுவனங்களை அரசுகள் நாடுவதற்குப் பல காரணங்கள் கூறப்பட்டாலும், அரசியல் ரீதியாக முதன்மையானது இந்த வசதியே. ரஷியாவின் வாக்னர் குழு இதற்குத் தெளிவான சான்று.

சிரியாவின் டெய்ர் எஸ்ஸோர் பகுதியில் 2018 பிப்ரவரியில் அமெரிக்கப் படைகள் நடத்திய தாக்குதலில் வாக்னர் குழுவினர் கொல்லப்பட்டனர். 5 ரஷியர்கள் இறந்திருக்கலாம் என்று முதலில் கூறிய ரஷிய வெளியுறவு அமைச்சகம், உயிரிழந்தோரும் காயமடைந்தோரும் பல பத்துப் பேர் என்று பின்னர் தெரிவித்தது. அதேநேரம், அவர்கள் ராணுவத்தினர் அல்லர் என்றது. இரு அணு ஆயுத வல்லரசுகள் நேரடியாக மோதும் நிலையைத் தவிர்க்க அந்த விளக்கம் உதவியது.

உக்ரைன் போரில் இந்த உத்தி மேலும் விரிவடைந்தது. 2022 செப்டம்பரில் 3 லட்சம் பேரைப் படையில் சேர்க்க ரஷிய அரசு உத்தரவிட்டபோது, ஏராளமானோர் நாட்டை விட்டு வெளியேறினர். சிறைக் கைதிகளை வாக்னர் குழு களமிறக்கியபோது அத்தகைய எதிர்ப்பு எழவில்லை. பக்முத் போரில் தமது படையினர் சுமார் 20,000 பேர் உயிரிழந்ததாகவும், அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கைதிகள் என்றும் குழுவின் தலைவர் எவ்கெனி பிரிகோஜின் 2023 மே மாதம் கூறினார்.

பொறுப்பைத் தட்டிக்கழிப்பது ரஷியா மட்டும் கையாளும் வழியன்று. பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் 2007-இல் அமெரிக்காவின் பிளாக்வாட்டர் நிறுவனக் காவலர்கள் சுட்டதில் 17 இராக்கியர்கள் உயிரிழந்தனர். அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட நால்வருக்கு 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார்.

ஆனால், அரசு ஏற்க மறுக்கும் படை, அரசின் கட்டுப்பாட்டையும் மீறக்கூடும். 2023 ஜூனில் வாக்னர் படை கிளர்ந்தெழுந்து மாஸ்கோவை நோக்கி முன்னேறியது. கிளர்ச்சி அடங்கிய சில நாள்களில், அந்தக் குழுவுக்கான நிதி முழுவதையும் அரசே வழங்கியதாகவும், ஓராண்டில் மட்டும் 8,600 கோடி ரூபிள் அளிக்கப்பட்டதாகவும் அதிபர் புதின் வெளிப்படையாகத் தெரிவித்தார். பல ஆண்டுகளாக மறுக்கப்பட்டு வந்த தொடர்பு அவ்வாறு உறுதியானது. இரு மாதங்களில் பிரிகோஜின் விமான விபத்தில் உயிரிழந்தார்.

ஒப்பந்தப் படைகளை அமர்த்தினாலும் சர்வதேச சட்டத்தின் கீழ் அரசுகளின் கடமைகள் நீடிக்கின்றன என்று 2008-ஆம் ஆண்டின் மோன்ட்ரோ ஆவணம் நினைவூட்டுகிறது. எனினும், அது சட்டப்படி கட்டுப்படுத்துவதன்று. எனவே, யாருக்கு ஊதியம் தரப்படுகிறது, எத்தனை பேர் இறந்தனர் என்ற கணக்கை நாடாளுமன்றங்கள் கேட்டுப் பெறாதவரை, போரின் உண்மையான விலை மக்களின் பார்வைக்கு வராது.