ஆயில் குறையுதா? மொதல்ல ஸ்பேனரை கீழ வைங்க!

மக்களே, இது கொஞ்சம் காட்டமான பதிவு. மெக்கானிக் அண்ணாச்சிங்க ஆட்டோ அனுப்பிடாதீங்க :-)

காடாம்புலியூர்ல நம்ம வீட்டு ஃபோர் ஸ்ட்ரோக் பைக் ஆயில் குடிக்க ஆரம்பிச்சுது. மெக்கானிக் சைலன்சரை ஒரு பார்வை பார்த்தார். "ரிங்கு போச்சு சார், போர் பண்ணிடலாம்." எவ்வளவு குறையுது, எத்தனை கிலோமீட்டர்ல குறையுது, ஒரு கேள்வி கிடையாது. பண்ணியாச்சு. பணம் போச்சு, ஆயிலும் பழையபடி போச்சு. கடைசியில பார்த்தா வால்வு சீல்! சுண்டுவிரல் சைஸ் ரப்பர்.

பக்கத்துல நெய்வேலியில ஏர்ஸ்ட்ரிப் இருந்தும் பிளேன் இன்ஜின் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. விமானப் பராமரிப்பு படிச்ச மச்சான்கிட்ட புலம்பினப்பதான் "சின்ன பிளேன்லயும் இதே கூத்துதான் மாமா"ன்னான். அதுக்கப்புறம் தேடிப் படிச்சதுதான் இதெல்லாம்.

பழைய செஸ்னா 172 பலதுல லைக்கமிங் ஓ-320 இன்ஜின். 160 குதிரைத்திறன். கம்பெனி கணக்குப்படி இது மணிக்கு சுமார் அரை லிட்டர் வரைக்கும் ஆயில் குடிக்கலாம். நல்ல இன்ஜின் அதுல கால்வாசி கூட குடிக்காது. ஆனா எல்லை எதுன்னு தெரியாமலே "ஐயோ குடிக்குது"ன்னு சிலிண்டரைக் கழட்டுறவங்க இருக்காங்க.

இன்னொரு கூத்து. 8 குவார்ட் பிடிக்கிற சம்ப்ல விளிம்பு வரைக்கும் ஊத்துவாங்க. மேல இருக்குற ஒண்ணு ரெண்டு குவார்ட் பிரீதர் குழாய் வழியா வெளிய போய் பிளேன் வயித்துல பூசிக்கும். திரும்ப ஊத்துவாங்க, திரும்பப் போகும். ஆறுல நிறுத்திப் பாருங்கய்யா! அங்கேயே நின்னா இன்ஜின்ல கோளாறே இல்லை.

நின்னா சரி, நிக்கலைன்னா? அப்பவும் வரிசை இருக்கு. ஒவ்வொரு தடவையும் சமதளத்துல, இன்ஜின் நிறுத்தி அதே நேரம் கழிச்சு அளந்து, பறந்த மணியோட நோட்டுல எழுதணும். ராக்கர் கவர், புஷ்ராட் குழாய் சீல் எங்கயாவது கசியுதான்னு பாக்கணும். கீழ் பிளக்குகளைக் கழட்டணும். ஒரு சிலிண்டர் பிளக் மட்டும் ஆயில்ல நனைஞ்சிருந்தா அந்த ஒரு சிலிண்டர் மேலதான் சந்தேகம். மத்த மூணும் என்ன பாவம் பண்ணுச்சு?

"கம்ப்ரஷன் டெஸ்ட் நல்லா இருக்கே"ன்னு சொல்றவங்களுக்கு: அந்த டெஸ்ட் மேல் ரிங்கையும் வால்வையும்தான் சோதிக்கும். ஆயிலை வழிச்சு விடுற கீழ் ரிங் பத்தி அது வாயே திறக்காது. கம்ப்ரஷன் பிரமாதமா இருந்தும் ஆயில் குடிக்கலாம், கம்மியா இருந்தும் குடிக்காம இருக்கலாம். போர்ஸ்கோப் விட்டு உள்ள பாக்க ஒரு பிளக் ஓட்டை போதும்.

புதுசா ஓவர்ஹால் பண்ண இன்ஜினை "பாவம், மெதுவா ஓட்டுவோம்"னு தடவித் தடவி ஓட்டினாலும் வினைதான். ரிங் படியாம சிலிண்டர் சுவர் வழவழன்னு ஆயிடும். அப்புறம் ஆயில் குடிக்காம என்ன செய்யும்?

"கழட்டிப் பார்த்தா என்ன குறைஞ்சுடும்?"னு கேப்பீங்க. இரண்டாம் உலகப்போர்ல வாடிங்டன்னு ஒரு விஞ்ஞானி, பிரிட்டிஷ் கடலோரப் படையோட லிபரேட்டர் விமானங்களை ஆராய்ஞ்சார். 50 மணி நேரப் பராமரிப்பு முடிஞ்ச உடனேதான் பழுது அதிகம்! நல்லா இருந்ததை நோண்டினதோட பலன். சிலிண்டரைத் திரும்ப மாட்டுறப்ப போல்ட் இறுக்கம் தப்பினா நடுவானத்துல சிலிண்டரே கழண்டுக்கலாம். என் பைக் நின்னா தள்ளிக்கிட்டே வீட்டுக்கு வந்துடுவேன். பிளேனை யாரு தள்ளுறது?

அனுபவம்னா பார்த்ததும் தீர்ப்பு சொல்றதில்லீங்க. எதை மொதல்ல அளக்கணும்னு தெரியறதுதான். நான் சொல்றது தப்புன்னா தாராளமா திட்டுங்க. ஆனா டிப்ஸ்டிக்கை ஒரு தடவை பாத்துட்டு வந்து திட்டுங்க.

டிஸ்கி: திடீர்னு ஆயில் குடிக்கிறது எகிறினாலோ, ஃபில்டரை வெட்டிப் பார்த்து அதுல உலோகத் துகள் கிடைச்சாலோ இந்தப் பொறுமையெல்லாம் செல்லாது. பிளேனை அப்படியே தரையில நிறுத்துங்க.