கேன்சர் வரலை, அதனால க்ளெய்மும் வரலை

கிரிட்டிக்கல் இல்னெஸ் வீடியோ போட்டதுல இருந்து கமெண்ட்ல திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. "சார், கம்பெனி இன்ஷூரன்ஸ் 5 லட்சம் இருக்கு, தனியா 20 லட்சத்துக்கு கேன்சர் கவரும் எடுத்துட்டேன், போதும்ல?" போதாது. ஏன்னு சொல்ல எனக்கு ஒரு க்ளையன்ட்டோட ஃபைல் போதும்.

அவருக்கு 44 வயசு, ஐடி வேலை. கிட்னில கல்லுன்னு சிடி ஸ்கேன் எடுத்தார். கல் இருந்துச்சு. கூடவே, கணையத்தோட மெயின் குழாய் வீங்கியிருக்குன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி. அப்புறம் எம்ஆர்சிபி ஸ்கேன், எண்டோஸ்கோபி வழியா ஒரு அல்ட்ராசவுண்ட். நோயோட பேர் ஐபிஎம்என். கணையக் குழாயோட உள்சுவர்ல வளர்ந்து சளி சுரக்கிற கட்டி. சளி தேங்கத் தேங்க குழாய் விரியும். பெரும்பாலும் வயசானவங்களுக்கு வர்றது. கிளைக் குழாய்ல சின்னதா இருந்தா அடிக்கடி ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பாங்க. மெயின் குழாய் 10 மில்லிமீட்டர், அதுக்கு மேலன்னா கேன்சரா மாறுற ஆபத்து அதிகம், உடம்பு தாங்கும்னா ஆபரேஷன்தான். இவருக்கு 12.

விப்பிள் ஆபரேஷன் பண்ணாங்க. கணையத்தோட தலைப்பகுதி, பித்தப்பை, சிறுகுடலோட ஆரம்பப் பகுதி எல்லாம் எடுத்துட்டு மிச்சத்தை மறுபடி இணைக்கிற பெரிய ஆபரேஷன். எடுத்த கட்டியோட பயாப்ஸி ரிசல்ட்: ஹை கிரேட் டிஸ்ப்ளேசியா. அதாவது கேன்சருக்கு முந்தின படி. சுத்தி இருக்கிற திசுக்குள்ள ஊடுருவலை. இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

அந்த நல்ல செய்தியாலதான் 20 லட்சம் க்ளெய்ம் ரிஜெக்ட் ஆச்சு.

கோபப்பட்டு என்கிட்ட வந்தார். நானும் பாலிசி பேப்பரை வரி வரியா படிச்சேன். தப்பு சொல்ல முடியலை. கிரிட்டிக்கல் இல்னெஸ் பாலிசில 'கேன்சர்'னா என்னங்கறதுக்கு ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான வரையறை இருக்கு. செல்கள் கட்டுப்பாடு இல்லாம வளர்ந்து நல்ல திசுவை ஊடுருவி அழிச்சிருக்கணும். கேன்சருக்கு முந்தின நிலை, ஊடுருவாத கட்டி எல்லாம் விலக்குன்னு தெளிவா எழுதியிருக்கு. எந்தக் கம்பெனில வாங்கியிருந்தாலும் இதே கதிதான். என் கோபம் இதை 'கேன்சர் வந்தா பணம்'னு ஒரே வரில வித்தவங்க மேலதான். சிகிச்சை எவ்வளவு பெருசுங்கறதுக்கு அங்க மதிப்பே இல்ல, பயாப்ஸி ரிப்போர்ட்ல இருக்கிற வார்த்தைக்குத்தான் மதிப்பு.

1961 வருமான வரிச் சட்டத்தோட 80டிடிபி கழிவாவது கிடைக்குமான்னு கேட்டார். அங்கயும் 'மேலிக்னன்ட் கேன்சர்'னுதான் இருக்கு. என்னால கையெழுத்துப் போட முடியலை.

ஆஸ்பத்திரி பில் 9 லட்சத்து சொச்சம். கம்பெனி பாலிசி 5 லட்சம் கொடுத்துச்சு. மிச்சம் நகைக்கடன். அதோட முடியலை. மீதி இருக்கிற கணையத்துல மறுபடி வரலாம்கறதால தொடர்ந்து ஸ்கேன். சாப்பாட்டோட என்சைம் மாத்திரை. அட்மிட் ஆகாம பார்க்கிற இந்தச் செலவெல்லாம் சாதாரண மெடிக்கல் பாலிசில பெரும்பாலும் வராது. இப்போ புதுசா பாலிசி கேட்டா இந்த நோயைச் சொல்லியே ஆகணும். கொடுத்தாலும் 3 வருஷம் வரைக்கும் வெயிட்டிங் பீரியட் போடலாம், கொடுக்க மாட்டேன்னும் சொல்லலாம்.

அதனால என் வரிசை இதுதான்: முதல்ல உங்க சொந்தப் பேர்ல ஒரு ஹெல்த் பாலிசி, அதுமேல பெரிய தொகைக்கு ஒரு சூப்பர் டாப்-அப். இதுக்கு ஆஸ்பத்திரி பில் போதும், கட்டி ஊடுருவிச்சா இல்லையாங்கற கேள்வியே வராது. கிரிட்டிக்கல் இல்னெஸ் அதுக்கப்புறம்தான். ஆரம்ப நிலைக்கும் ஒரு பங்கு கொடுக்கிற கேன்சர் பாலிசிகள் இருக்கு. அதுல 'ஆரம்ப நிலை'ன்னா என்னன்னு ஏஜென்ட்கிட்ட வாயால கேட்காதீங்க, மெயில்ல பதில் வாங்குங்க. வேலை மாறும்போது, பழைய க்ரூப் பாலிசி கொடுத்த அதே இன்ஷூரன்ஸ் கம்பெனில தனிநபர் பாலிசிக்கு மாற வெளிய வர்றதுக்கு முன்னாடியே அப்ளை பண்ணுங்க.

அவருக்கு அடுத்த எம்ஆர்ஐ டிசம்பர்ல. அதுக்குன்னே மாசம் 2,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டி ஆரம்பிச்சிருக்கார்.